எடைக்குப் போட்டாலும் கார் உங்கள் பெயரில்தான்

தங்கச்சிமடத்தில் என் மாமா வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு மாருதி 800 பல வருடம் நின்றது. கழுவித் துடைத்தால் ஓடிவிடும் போலத்தான் இருக்கும். டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கினால் கீழே மணல் தெரியும். உப்புக்காற்று பெயிண்டை விட்டுவிட்டு அடித்தகரத்தைத் தின்றிருந்தது. பாம்பன், மண்டபம் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை.

கடைசியில் மாமா அதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டார். (காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்தியதால் வந்த பெயர் என்பார்கள்.) நம்பர் பிளேட்டோடு டெம்போவில் ஏறிப் போனது. ஆர்.சி. புக் மட்டும் பீரோவில் இருந்தது. "காரே இல்ல, புக்கை வெச்சு என்ன பண்றது" என்று விட்டுவிட்டார். இரண்டு வருடம் கழித்து அதே நம்பருக்கு வேறு ஊரிலிருந்து அபராதச் சலான் வந்தது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 55-ஆம் பிரிவு சொல்வது எளிது: வண்டி அழிந்துவிட்டாலோ, இனி ஓட்டவே முடியாது என்றாலோ, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். அதைச் செய்யாதவரை அரசுக் கணக்கில் அந்தக் கார் ஓடிக்கொண்டே இருக்கிறது, உங்கள் பெயரில்.

முதலில் ஒரு வதந்தியைத் தள்ளிவிடுவோம். 15 வருடம் ஆனதும் காரை உடைத்தே ஆகவேண்டும் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் என்ற கெடுபிடி டெல்லி வட்டாரத்துக்கானது. நம்மிடம் ஓன் போர்டு (சொந்த உபயோக) கார் எஃப்.சி. எனும் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருடமாகப் பதிவை நீட்டிக்கலாம். ஆனால் செலவு முன்போல இல்லை. 600 ரூபாயாக இருந்த பதிவு நீட்டிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. காலம் தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். பசுமை வரி தனி. தரையில் ஓட்டை விழுந்த காருக்கு வெல்டிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடைகொடுப்பதுதான் லாபம்.

சரி, விடைகொடுப்பது எப்படி? 2021 செப்டம்பரில் வந்த மத்திய அரசு விதிகளின்படி, பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். பட்டியல் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் இருக்கிறது, விண்ணப்பமும் அங்கேயே. டி.என். 65, அதாவது ராமநாதபுரம் மாவட்ட நம்பர் வண்டி என்பதால் நம் மாவட்டத்துக்குள்ளேயே உடைக்க வேண்டியதில்லை. எந்த ஊர் நிலையமும் எடுத்துக்கொள்ளும். ராமேஸ்வரத்திலிருந்து வண்டியை இழுத்துப் போகும் செலவு யாருடையது என்பதை மட்டும் விலை பேசும்போதே பேசி முடித்துவிடுங்கள். பிறகு பேசினால் அது உங்கள் தலையில்தான் விழும்.

காரைவிடக் காகிதம்தான் இழுத்தடிக்கும். ஒரிஜினல் ஆர்.சி., அடையாள அட்டை, பணம் போட வங்கிக் கணக்கு வேண்டும். கடனில் வாங்கிய கார் என்றால் வங்கியின் பெயரை ஆர்.சி.யிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். கடனை அடைத்துவிட்டு இதை மறந்தவர்கள் ஏராளம். அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டால் வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் வேறு சிக்கல்: கார் வீட்டில், உரிமையாளர் வளைகுடாவில். அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

திருட்டு வண்டியா என்று நிலையத்தார் போலீஸ் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வண்டியை ஒப்படைத்ததற்கு அத்தாட்சியாக வைப்புச் சான்றிதழ் தருவார்கள். உடைத்து முடித்ததும் இன்னொரு சான்றிதழ். சேஸிஸ் நம்பர் பொறித்த துண்டை மட்டும் வெட்டி ஆறு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

வைப்புச் சான்றிதழ்தான் இதில் காசு. புதுக் கார் வாங்கும்போது பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியில் சொந்தக் காருக்கு 25%, வாடகை வண்டிக்கு 15% வரை சலுகை தரலாம் என்று மத்திய விதி சொல்கிறது. அந்த "வரை" முக்கியம். எவ்வளவு என்று தீர்மானிப்பது மாநில அரசு. ஆகவே ஷோரூம்காரர் சொல்வதை நம்பாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். புதுக் கார் வாங்கும் எண்ணமே இல்லையா? இந்தச் சான்றிதழை இணையவழியில் இன்னொருவருக்கு விற்கலாம். காயலான் கடையில் இந்தப் பேச்சே இல்லை.

அப்புறம், சின்னக் காரிலேயே மூன்று லிட்டர் அளவுக்கு என்ஜின் ஆயில் இருக்கும். பேட்டரியில் ஈயமும் ஆசிட்டும். மணலில் ஊற்று தோண்டிக் குடிநீர் எடுக்கும் ஊர் நம் ஊர். அதே மணலில் ஆயிலை வடித்துவிட்டு இரும்பை மட்டும் எடுத்துப் போவது நமக்கு நாமே வைக்கும் வினை. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, பதிவு காலாவதியாகி ஆயுள் முடிந்த வண்டியை 180 நாளுக்குள் முறையான இடத்தில் சேர்ப்பது உரிமையாளரின் பொறுப்பு. மரத்தடியில் நிறுத்திக் கோழி அடைக்கிற கார்களுக்கும் இது பொருந்தும்.

ஒப்படைக்கும் முன் ஃபாஸ்டேகை ரத்து செய்யுங்கள். கிளெய்ம் போடாததற்கான சலுகைக் கடிதத்தை இன்ஷூரன்ஸில் கேட்டு வாங்குங்கள். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாதவருக்குப் புதுக் காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான பங்கு) 50% குறையும்.

ஏற்கெனவே எடைக்குப் போட்டவர்கள், எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தோம் என்று எழுதி, ஆர்.சி.யோடு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கள். நம்பரை யாராவது பயன்படுத்துவது தெரிந்தால் போலீஸில் புகார் கொடுத்து, அந்த ரசீதையும் சேருங்கள். மாமா இப்போது அந்த ரசீதுக்காகத்தான் அலைந்துகொண்டிருக்கிறார்.