பக்கெட் ஐஸில் மயில் நிறம்

தென்னாப்பிரிக்காவில் ஜூலை குளிர்காலம். அந்த விடுமுறைக்கு டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவார ஊரான அண்டர்பெர்க் போய்வந்த, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி வாசகி ஒருவர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். ராத்திரி வெளியே வைத்த பக்கெட்டின் மேல் மெல்லிசாக உறைந்திருந்த ஐஸ் தகட்டைத் தூக்கி, காலை வானத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படங்கள். முதலாவதில் வெறும் கண்ணாடிச் சில்லு. ஃபோனுக்கு முன்னால் போலராய்டு கூலிங்கிளாஸை வைத்து எடுத்த இரண்டாவதிலோ ஊதா, மஞ்சள், பச்சை என்று கோணல்மாணலான கட்டங்கள். சட்டம் போட்டு மாட்டினால் நவீன ஓவியம் என்றே நம்பிவிடுவார்கள். “பெரியம்மா இதை முருகனோட மயில் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

உறையும் தண்ணீரில் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்ளும் என்பது பள்ளிப் பாடம். பக்கெட்டில் இது பல இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்கி, வளர்ந்து, ஒன்றோடொன்று முட்டி நிற்கிறது. ஆகவே தகடு ஒரே படிகமல்ல. வரப்பு போட்ட வயல்கள்போல ஒட்டிக்கிடக்கும் பல படிகங்கள். வெறுங்கண்ணுக்கு வரப்பு தெரியாது, அவ்வளவுதான்.

சாதாரண ஒளி எல்லாத் திசையிலும் அதிரும். போலராய்டு ஒரு திசை அதிர்வை மட்டும் விடும். காலையில் தலைக்கு மேலே தெரியும் நீலவானத்தின் ஒளி பெருமளவு ஏற்கெனவே ஒரு திசைப்பட்டதுதான். தளவிளைவு என்று படித்திருப்பீர்கள்.

அந்த ஒளி ஐஸுக்குள் நுழைந்த பிறகு நடப்பதுதான் எனக்கு அலுக்காத வேடிக்கை. அறுகோண அடுக்குக்கு ஓர் அச்சு உண்டு. அந்த அச்சின் திசையில் அதிரும் ஒளி கொஞ்சம் மெதுவாகப் போகும். அதற்குக் குறுக்கே அதிர்வது கொஞ்சம் வேகமாக. ஒரே ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒன்று முந்த ஒன்று பிந்த வெளியே வரும். கால்சைட் கல்லில் இந்த வித்தியாசம் பெரிது. அதன் வழியே பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவதை 1669-இல் டென்மார்க் அறிஞர் பார்த்தோலின் எழுதிவைத்தார். ஒளி ஒரு பொருளுக்குள் எவ்வளவு மெதுவாகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். ஐஸில் இரண்டு அதிர்வுகளுக்கும் அந்த எண்ணில் வித்தியாசம் வெறும் 0.0014. ஆனால் அச்சு தகட்டோடு படுத்திருந்தால், 0.4 மில்லிமீட்டரைக் கடப்பதற்குள் பிந்தியது சுமார் 560 நானோமீட்டர் பின்தங்கிவிடும். பச்சை ஒளியின் ஒரு முழு அலைநீளம்!

கூலிங்கிளாஸ் இரண்டு அலைகளையும் மறுபடி ஒரே திசைக்கு இழுத்து மோதவிடுகிறது. கண்ணாடி விடும் திசை வான ஒளியின் திசைக்குக் குறுக்கே இருந்தால், அந்த மோதலில் பச்சை அணைந்துபோகிறது. மிச்சமுள்ள சிவப்பும் நீலமும் சேர்ந்து ஊதா. கண்ணாடியைக் கால்வட்டம் திருப்பினால் அதே கட்டம் பச்சையாகும். தடிமன் மாறினாலும் அச்சு சாய்ந்தாலும் நிறம் மாறும். கண்ணாடி குறுக்கே இருக்கும்போது அச்சு நம்மை நேராகப் பார்த்து நின்றால் நிறமே இல்லை, இருட்டுதான்.

நான் டர்பன்காரன். எங்களுக்கு உறைபனி வேண்டுமென்றால் மலைக்குத்தான் போகணும். போன குளிர்காலத்தில் சானி கணவாய் அடிவாரத்தில், பக்கியின் (பிக்கப் வண்டிக்கு எங்கள் ஊர்ப் பெயர்) பின்பலகையை இறக்கி, லேப்டாப்பை முழுக்க விரித்துவைத்து, வெள்ளைத் திரைமேல் கண்ணாடித் தட்டு, தட்டின்மேல் ஐஸ். எல்சிடி திரையின் ஒளியும் ஒரு திசைப்பட்டதே. கேமராவில் போலரைசர் ஃபில்டர் இருந்தால் போதும். ஐஸ் உருகி மெலிய மெலிய, ஒரே கட்டம் ஊதாவிலிருந்து சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை, சாம்பல் என்று இறங்கிக் கறுப்பில் முடிந்தது. அப்புறம் தட்டு சரிந்தது. அன்றிலிருந்து என் கீபோர்டில் ‘ழ’ வருவதில்லை. இந்தக் கட்டுரையின் ழகரங்கள் எல்லாம் வெட்டி ஒட்டியவை.

பெரியம்மா சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. மயில்தோகையின் நீலமும் பச்சையும் சாயமல்ல. இறகுக்குள் அடுக்கடுக்காக நிற்கும் நுண்ணிய மெலனின் குச்சிகளில் பட்டுத் திரும்பும் அலைகள் மோதிப் பிறக்கும் நிறம். வழி வேறு, கணக்கு ஒன்றுதான்.

ஆனால் தண்ணீரிடம் மந்திரம் சொன்னால் அழகான படிகம் வரும், திட்டினால் கோரமாக வரும் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களோடு இதைச் சேர்க்காதீர்கள். எந்தப் படத்தைக் காட்டுவது, எதை ஒதுக்குவது என்று எடுத்தவரே முடிவுசெய்தால் அது சோதனையே அல்ல. கீபோர்டு நனைந்தபோது நான் ஐஸைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. உடனே இன்னொரு தகடு வைத்து எடுத்தவைதான் அன்றைய படங்களிலேயே அழகானவை.