முட்டி ஒன்றும் டயர் இல்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர் என் அத்தை. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, உளியும் வாளியுமாக ஒரு நாளைக்கு 500 மரம் வரை சுற்றி வந்த கால்கள். இப்போது டவுனில் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனபோது மகனின் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். திரையில் அவருடைய வலது முட்டியின் எக்ஸ்ரே.

"தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்கய்யா. இருக்கிற கொஞ்சத்தையும் நடந்து தேய்க்க வேணாம்னு ஒக்காந்துட்டேன்."

இந்தத் 'தேய்மானம்' என்ற சொல்மீது எனக்கு வெகுநாள் கோபம். லோரி டயர் தேயும், மோட்டார் சைக்கிள் பிரேக் கட்டை தேயும். ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் தேயாது. அதே கணக்கை முட்டிக்கும் போட்டுவிடுகிறோம். முட்டியோ உயிருள்ளது. நிறுத்தி வைத்தால்தான் வேகமாகக் கெடும்.

ஆட்டுக்கால் வாங்கி வந்து கழுவும்போது பாருங்கள். எலும்பு முனையில் பளபளவென்று வெள்ளையாக ஒரு பூச்சு இருக்கும், விரலை வைத்தால் வழுக்கும். அதுதான் குருத்தெலும்பு. நம் முட்டியில் தொடை எலும்பின் அடிமுனையிலும் கால் எலும்பின் மேல்முனையிலும் இதே பூச்சு சில மில்லிமீட்டர் தடிப்பில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று கொஞ்சம் திரவம். நடக்கும்போது உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் இந்த இடத்தில் இறங்குகிறது.

குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. பிறகு எப்படிச் சாப்பிடுகிறது? பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் தண்ணீர் வெளியேறும், விட்டால் உறிஞ்சும். காலை ஊன்றும்போது குருத்தெலும்பிலிருந்து திரவம் பிதுங்குகிறது. தூக்கும்போது புதுச் சத்தோடு உள்ளே போகிறது. நடைதான் அதற்குச் சோறு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை தன் முட்டியைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தார்.

சரி, கெட்டுப்போன குருத்தெலும்பு ஏன் திரும்ப வளர்வதில்லை? இதை அத்தைக்கு விளக்க மருத்துவப் புத்தகம் தேவைப்படவில்லை, பால் மரமே போதுமாக இருந்தது. பட்டையை மெல்லிசாகச் சீவினால் ஏழெட்டு வருடத்தில் புதுப்பட்டை வந்து மறுபடி வெட்டலாம். உளி கொஞ்சம் ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் மேடும் முடிச்சுமாகத் தடித்துவிடும், வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் சத்தம் போடுவார். பட்டையை வளர்க்கும் உயிர்ப்படலம் அங்கே செத்துப்போயிருக்கும். குருத்தெலும்பில் செல்களே குறைவு, ரத்தமும் எட்டாது. அதனால் ஆழமாகப் பட்ட காயம் சரியாக ஆறுவதில்லை. சுற்றியுள்ள எலும்பு தன்னால் ஆனதைச் செய்ய முயன்று ஓரங்களில் முடிச்சு முடிச்சாக வளர்கிறது. எக்ஸ்ரேயில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அவை இந்த முடிச்சுகள்தான். அத்தை திரையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, காயம் பட்ட மரம் மாதிரிதான் இருக்கு" என்றார்.

இன்னொன்று: குருத்தெலும்பில் நரம்பும் இல்லை. வலிப்பது அதற்கு அடியிலுள்ள எலும்பும், வீங்கிப்போன மூட்டுச் சவ்வும், சுற்றியுள்ள தசைநார்களும். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியவே தெரியாது. இரண்டு எலும்புக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு மிச்சம் என்று கணிக்கிறார்கள். படுக்க வைத்து எடுத்த படத்தில் அந்த இடைவெளி அகலமாகத் தெரியலாம். நிற்க வைத்து எடுத்தால்தான் உண்மை தெரியும். படம் மோசமாக இருந்தும் சந்தைக்கு நடந்து போய் வருபவர்கள் இருக்கிறார்கள். படத்தில் ஒன்றுமே இல்லாமல் இரவெல்லாம் முனகுபவர்களும் இருக்கிறார்கள். வைத்தியம் ஆளுக்குத்தான், படத்துக்கு அல்ல.

தோட்டத்து ஆட்களுக்கு இது ஏன் அதிகம் வருகிறது என்று கேட்டால், குந்துவதும் மண்டியிடுவதும் கனம் தூக்குவதும் முட்டிக்கு ஆகாத வேலைகள். அடிவெட்டுக்குக் குனிவது, செம்பனையில் (எண்ணெய்ப்பனையில்) உதிரிப்பழம் பொறுக்குவது, குலை தூக்கி லோரியில் எறிவது, எல்லாம் இந்த வகைதான். கூடவே வயது, பழைய அடி, குடும்ப வாகு, உடல் எடை.

எடையைப் பற்றி மட்டும் ஒரு கணக்கு. உடலில் 1 கிலோ குறைந்தால் முட்டியில் ஒவ்வோர் அடிக்கும் ஏறக்குறைய 4 கிலோ பாரம் குறையும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். 5 கிலோ என்றால் 20 கிலோ. ஒரு நாளைக்கு 3,000 அடி வைத்தால் மிச்சமாகும் சுமையை நீங்களே பெருக்கிப் பாருங்கள். தே தாரிக்கை (ஆற்றிய பால் தேநீரை) ஒரேயடியாக விடச் சொல்லவில்லை, சீனியைக் குறைக்கச் சொல்லலாம்.

இதற்கு அடுத்த மருந்து தொடைத்தசை. முட்டிக்கு ஷாக் அப்சார்பர் அதுதான். வலிக்கிறதென்று உட்கார்ந்தால் தசை சூம்பும், சூம்பினால் அதிர்ச்சி நேராக எலும்பில் இறங்கும், வலி கூடும், இன்னும் உட்காருவோம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணும் வரை பிடித்து இறக்குவது ஒரு பயிற்சி. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது இன்னொன்று. செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாளைக்குள் தணிந்துவிட்டால் பயப்பட வேண்டாம். முறையாகச் செய்தால் வலி குறைவது மாத்திரைக்கு நிகராக இருக்கிறது. 1 ரிங்கிட் கட்டிப் பார்க்கும் அரசாங்க கிளினிக்கில் பிசியோவுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நம் ஆட்கள் மாத்திரையைக் கேட்டு வாங்குவார்கள், இதைக் கேட்பதே இல்லை.

மாத்திரை விஷயத்தில் கவனம் வேண்டும். வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் டைக்ளோஃபெனாக் போன்றவை நன்றாகவே கேட்கும். ஆனால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம், ரத்த அழுத்தம் ஏறலாம். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள் நிறைய இருக்கும் நம் வீடுகளில் இதை மிட்டாய் மாதிரி மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது. அதே மருந்தைக் களிம்பாக முட்டியில் தேய்த்தால் ஆபத்து மிகக் குறைவு. மாத்திரையைவிடப் பயங்கரம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் பதிவில்லாத ஜாமு என்ற மூலிகை மருந்து. குடித்த மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த ஜாமுகளைப் பற்றிச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை எகிறும், எலும்பு பலமிழக்கும். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். மருத்துவர் முட்டிக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி வேறு. அது சில வாரம் நிம்மதி தரும், ஆனால் அடிக்கடி போடுவதில்லை. அதற்கும் சர்க்கரை சில நாள் ஏறும். குளுக்கோசமைன் டப்பாக்களுக்குக் காசு போகிறதே தவிர, பலன் உண்டு என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

எலும்பு முறிவு வேறு கதை. எலும்பு புதுப்பட்டை மாதிரி. முறிந்த இடத்தில் ரத்தம் கட்டி, அதில் மெத்தென்ற பாலம் உருவாகி, அது கெட்டியாகி, பிறகு மாதக்கணக்கில் இழைத்துச் சரியாகும். மாவுக்கட்டோ கம்பியோ எலும்பை ஒட்டுவதில்லை. ஒட்டும் வரை அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அவற்றின் வேலை. சின்சேயிடமோ (சீன வைத்தியரிடமோ) எண்ணெய் போட்டு நீவுபவரிடமோ ஓடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் வீக்கம் கூடினால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். வலி ஏறிக்கொண்டே போய், விரல் மரத்து, குளிர்ந்து, நீலம் பாய்ந்தால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். கட்டை உடனே அவிழ்த்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த பெரியவர்களை 'வயசாச்சு, ஆபரேஷன் எதுக்கு' என்று படுக்கையில் போட்டு வைப்பதும் தவறு. முறிவைவிடப் படுக்கைதான் ஆளைக் கொல்லும்: சளி கட்டும், ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். உடல்நிலை இடம் கொடுத்தால் இரண்டு நாளுக்குள் அறுவை செய்து எழுந்து நிற்க வைக்கப் பார்ப்பார்கள்.

அத்தைக்கு அறுவை என்றாலே நடுக்கம். "முட்டியை வெட்டி எடுத்துட்டு இரும்பு வைப்பாங்களாமே?" வெட்டி எடுப்பதில்லை. பல்லுக்கு மூடி போடுவது மாதிரி. எலும்பு முனைகளில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி, மேலே கோபால்ட் குரோமியம் உலோக மூடி, கீழே ஓர் உலோகத் தட்டு, நடுவில் பாலிஎதிலீன் பிளாஸ்டிக். இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லான் வைத்தார். வைத்ததெல்லாம் சில வருடத்தில் தேய்ந்து, அதன் தூள் சதையை அரித்தது. 1962-ல் பாலிஎதிலீனுக்கு மாறினார். இரண்டு பொருளையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துச் சோதித்த மனிதர் அவர். இங்கே தேய்வது உண்மையிலேயே தேய்மானம்தான், ஏனென்றால் பிளாஸ்டிக்குக்கு உயிர் இல்லை. மாற்றிய முட்டிகளில் 100-க்கு 80-க்கு மேல் 25 வருடம் தாக்குப்பிடித்திருக்கின்றன. ஆனால் ஐந்தில் ஒருவர் வரை, நினைத்த அளவு நன்றாக இல்லை என்கிறார்கள். பழையபடி குந்தி உட்கார முடியாது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். உள்ளே வைக்கும் கருவிக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா என்பதையும் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கும் மாதங்களில் தொடைத்தசையைத் தேற்றியவர்கள் அறுவைக்குப் பின் சீக்கிரம் நடக்கிறார்கள்.

முட்டி சிவந்து கொதித்து, காய்ச்சலும் வந்தால் மட்டும் இவற்றில் எதற்கும் காத்திருக்கக் கூடாது. அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கிளம்பும்போது அத்தை நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து காட்டினார். நாலாவது தடவை முட்டியில் 'டொக்'கென்று ஒரு சத்தம். முகம் மாறிவிட்டது. "வலிச்சதா அத்தை?" "இல்லையே." மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டானாலும் தசைநார் எலும்பு மேல் நழுவினாலும் இப்படிக் கேட்கும், வலியும் வீக்கமும் இல்லாவிட்டால் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றேன். நம்பினாரா தெரியாது. ஐந்தாவது தடவை எழுந்தார்.