மலை ஏறினால் கைகர் கருவி ஏன் வேகமாகத் துடிக்கிறது?

கதிர்வீச்சு பட்டால் 'டிக்' என்று ஒலிக்கும் கருவி கைகர் கருவி. கடல் மட்டத்தில் சிறிய கைகர் கருவி ஒன்று நிமிடத்துக்கு 20 முறை 'டிக்' என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கருவியை 4,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் துடிப்பு கூடிவிடும். கூடியது வானத்தாலா, காலடிப் பாறையாலா? அளப்பதில் உண்மையான சவால் இதைப் பிரித்தறிவதுதான்.

நம் தலைக்கு மேலே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 10 டன் காற்று நிற்கிறது. விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் காஸ்மிக் கதிர்களுக்கு அதுதான் கவசம். 4,000 மீட்டரில் அது ஏறக்குறைய 6 டன்னாகக் குறைந்துவிடுகிறது. அங்கே கதிர்வீச்சு கூடுவதில் வியப்பில்லை.

இதை முதலில் உறுதி செய்தவர் ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ். 1912 ஆகஸ்ட் 7 அன்று மின்னூட்டம் அளக்கும் கருவிகளோடு பலூனில் ஏறி 5,000 மீட்டருக்கு மேல் போனார். தொடக்கத்தில் கதிர்வீச்சின் அளவு சற்றுக் குறைந்தது. தரையின் கதிர்வீச்சு விலகிக்கொண்டே போனதுதான் காரணம். பிறகு ஏற ஏறக் கூடியது. அதே ஆண்டு ஏப்ரலில், சூரிய கிரகணத்தின்போதே அவர் ஒரு முறை பறந்திருந்தார். சூரியன் பெருமளவு மறைந்தும் அளவு குறையவில்லை. ஆகவே கதிர்கள் சூரியனிலிருந்து வரவில்லை என்று கண்டார். அந்த ஒரு யோசனைக்கே அவரை வணங்கலாம். 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

பலூனுக்குத் தரைத் தொல்லை இல்லை. மலையில் இருக்கிறது. கருங்கல்லில் கதிர்வீச்சை உமிழும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 எல்லாம் உண்டு. சுண்ணாம்புப் பாறையில் இவை பொதுவாகக் குறைவு. உயரம் ஒன்றாகவே இருந்தாலும் பாறை மாறினால் எண் மாறிவிடும். இதற்கு அருமையான வழி ஒன்று: மலை ஏரியின் நடுவே படகில் இருந்து அளப்பது. ஒரு மீட்டர் நீரே அடியிலுள்ள காமா கதிர்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மிஞ்சுவது கிட்டத்தட்ட வானத்திலிருந்து வருவது மட்டுமே.

பொறுமையும் வேண்டும். ஒரு நிமிடத்தில் 20 துடிப்பு என்றால், அதன் வர்க்கமூலம், அதாவது ஏறக்குறைய 4 அல்லது 5, முன்பின் தள்ளாடும். ஒரு மணி நேரம் எண்ணினால் 1,200 கிடைக்கும்; தள்ளாட்டம் 35தான், அதாவது 3 சதவீதம். ஒரு நிமிட அளவை வைத்து இரண்டு சிகரங்களை ஒப்பிடுவது வீண் வேலை.

இத்தனை கவனமாக அளந்தாலும், காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது சிதறும் மின்னூட்டமற்ற துகள்களான நியூட்ரான்கள் கைகர் குழாய்க்கு ஏறக்குறையத் தெரிவதே இல்லை. உயரம் கூடக்கூட அவற்றின் பங்கோ வளர்கிறது. அதற்கென்றே சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் கணவாயில், 3,500 மீட்டருக்கு மேல், 1958 முதல் நியூட்ரான் கண்காணிப்புக் கருவி இயங்கிவருகிறது. அதில் ஈயம் நியூட்ரான்களைப் பெருக்கும், ஹைட்ரஜன் நிறைந்த பொருள் அவற்றின் வேகத்தைத் தணிக்கும், உள்ளிருக்கும் வாயுக் குழாய் எண்ணிக்கொள்ளும்.