வளவுக்குள் நுழைந்தது யார்?

எங்கள் சொந்தத்தில் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். முகப்பில் மாட்டும் பலகைக்கு அக்கா மகள் இங்கிலீஷில் ஒரு வரி எழுதி வந்தாள்: ‘என்டரிங் த வளவு, த டைல்ஸ் லுக் பியூட்டிஃபுல்.’ வீட்டின் உள்முற்றமான வளவுக்குள் நுழைந்ததும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) அழகாகத் தெரியும் என்று சொல்ல வந்திருக்கிறாள், ஆனால் அந்த வரியில் நுழைவது டைல்ஸ். “தமிழ்ல சரியாத்தானே இருக்கு, அம்மான்?” என்றாள்.

சரிதான். ‘நுழைந்ததும்’ என்றால் நுழைகிறவர் ஒருவர், தெரிவது வேறொன்று என்று இருக்கலாம். ‘நுழைந்து’ என்று மாற்றிப் பாருங்கள், ‘வளவுக்குள் நுழைந்து டைல்ஸ் தெரியும்’, காதில் இடிக்கிறது இல்லையா? ‘செய்து’ என்ற வினையெச்சம் அதே ஆள் செய்யும் வினையில்தான் முடியும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. இங்கிலீஷில் வாக்கியத்தின் தலையில் வரும் ‘இங்’ இந்த ‘நுழைந்து’ வகை. ‘நுழைந்ததும்’ என்பதற்கு ‘ஆஸ் யூ என்டர்’ என்று ஆளைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

ஏன் இப்படி? படிக்கும் மனசு வாக்கியம் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை, வருகிற சொல்லை வந்தவுடனே எங்காவது பொருத்திவிடுகிறது. 1970-இல் தாமஸ் பீவர் என்ற மொழியியலாளர் காட்டிய ‘த ஹார்ஸ் ரேஸ்டு பாஸ்ட் த பார்ன் ஃபெல்’ இதற்குப் பேர்போன உதாரணம். கொட்டகையைத் தாண்டிக் குதிரை ஓடியது என்று படித்துக்கொண்டே போனால் கடைசியில் ‘ஃபெல்’ (விழுந்தது) வந்து நிற்கும், அப்புறம்தான் அது ஓட்டப்பட்ட குதிரை, விழுந்ததும் அதுதான் என்று திரும்பி வந்து புரிந்துகொள்கிறோம். ‘என்டரிங்’ என்றதும் அப்படித்தான், யார் என்று மனசு தேட ஆரம்பித்துவிடும், கமாவுக்குப் பிறகு முதலில் கண்ணில் படுகிற பெயர் மாட்டிக்கொள்ளும்.

விதிவிலக்கும் உண்டு. ‘மழை பெய்து ஊருணி நிறைந்தது’ என்கிறோம், பெய்தது மழை, நிறைந்தது ஊருணி, காரணமும் விளைவும் ஒட்டி நிற்பதால் உறுத்தவில்லை. இங்கிலீஷிலும் ‘கன்சிடரிங்’, ‘ஜட்ஜிங் பை’ போன்றவை ஆள் இல்லாமலே பழகிவிட்டன.

பலகையின் அடுத்த வரி ‘மேட் பை ஹேண்ட் ஆன் கிளாஸ், விசிட்டர்ஸ் லவ் தீஸ் டைல்ஸ்’. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்வது கல்லைத்தானே, விருந்தாளியை இல்லையே! நான் வாய் திறப்பதற்குள் அவளே பேனாவை எடுத்து, கமாவுக்குப் பக்கத்தில் ‘தீஸ் டைல்ஸ்’ என்று எழுதி, ‘ஆர் லவ்டு பை விசிட்டர்ஸ்’ என்று முடித்தாள்.