பீட்ரூட் பொரியலும் மூச்சுப் பரிசோதனையும்

உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்து, இளைப்பு உள்ள பிள்ளையை மதுரைக்குக் கூட்டி வருகிறவர்கள், இறங்கியதும் இட்லியோ வடையோ வாங்கிக் கொடுத்துவிடுவது வழக்கம். எக்ஸ்ரே எடுக்க அது தடையில்லை. மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு வாயுவை அளக்கும் ‘ஃபீனோ’ பரிசோதனைக்குத் தடை. சாப்பிட்டு, தண்ணீர் குடித்து ஒரு மணி நேரமாவது கழிய வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடி விளையாடிய பிள்ளையையும் அதே போல உட்கார வைக்க வேண்டும். ஓடியாடியதும் எடுத்தால் அளவு குறைவாகக் காட்டும்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஒவ்வாமை வகை அழற்சி இருந்தால், அங்குள்ள செல்கள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வழக்கத்தைவிட அதிகமாக உண்டாக்கும். வெளிவிடும் மூச்சில் அதை அளக்கிறோம். நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. அதைப் பிபிபி என்போம். மனித மூச்சில் இந்த வாயு இருப்பது 1991இலும், ஆஸ்துமாக்காரர்களுக்கு அது கூடுதலாக இருப்பது 1993இலும் தெரியவந்தன. 12 வயதுக்குக் கீழே 20 பிபிபிக்குள் இருந்தால் குறைவு, 35க்கு மேல் போனால் அதிகம். நடுவில் வந்தால் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி பீட்ரூட். அதிலும் முளைக்கீரை, சிறுகீரை வகைகளிலும் நைட்ரேட் அதிகம். வாயில் உள்ள பாக்டீரியாக்கள் அதை மாற்ற, மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு ஏறிவிடும். நல்ல சாப்பாடுதான், ஆனால் பரிசோதனைக்கு முந்தின நாள் ராத்திரியிலிருந்து வேண்டாம். சளிக்காய்ச்சல் இருந்தாலும் அளவு கூடும். அவசரமில்லை என்றால் சரியான பிறகு வரலாம்.

ஊதுவதில்தான் பாதிப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். முதலில் மூச்சை முழுதும் வெளியே விட்டு, பிறகு கருவியின் வாய்க்குழல் வழியாகவே நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும். உள்ளே இழுக்கும் காற்றில் நைட்ரிக் ஆக்சைடு இல்லாதபடி கருவியே வடிகட்டித் தரும். மூக்கால் இழுத்தால் கெட்டது. மூக்கிலும் சைனஸிலும் இந்த வாயு நூற்றுக்கணக்கான பிபிபி உண்டு. அப்புறம் விநாடிக்கு 50 மில்லி லிட்டர் வேகத்தில், சீராக, 12 வயதுக்குள் என்றால் 4 விநாடியாவது, பெரிய பிள்ளைகள் 6 விநாடியாவது ஊத வேண்டும். சில கருவிகள் 10 விநாடி கேட்கும். பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைப்பது போல ‘ஃபூ’ என்று ஊதினால் கருவி நிறுத்திவிடும். சூடான பாலை ஆற்றுவது போல மெல்ல ஊதச் சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள். வாய்க்குழலில் உள்ள லேசான எதிர்ப்பு, ஊதும்போது அண்ணத்தின் பின்பகுதியை மூடவைத்து மூக்குக் காற்று கலக்காமல் பார்த்துக்கொள்கிறது. மூக்கில் கிளிப் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். தேவையில்லை, அது மூக்கின் வாயுவைத் தேக்கிவைக்கும். 5 வயதுக்குக் கீழே பெரும்பாலும் இந்த முறை ஒத்துவராது.

பலமாக ஊதவைத்து நுரையீரலின் திறனைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் அதே நாளில் என்றால் ஃபீனோ முதலில். பலமாக ஊதிய பிறகு எடுத்தால் எண் குறையும். நெபுலைசர் வைத்த கையோடு எடுத்தாலும் எண் மாறும்.

சித்திரை வெயிலில் இன்னொரு சிக்கல். இங்கே புழங்கும் கையடக்கக் கருவிகளில் பல மின்வேதி சென்சாரில் ஓடுபவை. 35 டிகிரிக்கு மேல் அவற்றை நம்ப முடியாது. மே மாத மதியத்தில் ஏசி இல்லாத அறையில் அளந்த எண்ணைச் சந்தேகப்படுவதே நியாயம். கருவிக்குப் பக்கத்தில் சானிடைசர் தெளித்துக் கை துடைப்பதும் கூடாது, ஸ்பிரிட் ஆவி சென்சாரைக் குழப்பும்.

மூச்சைக் குளிர்ந்த குழாயில் பத்து நிமிடம் விடச்செய்து, நீராகச் சேகரித்து ஹைட்ரஜன் பெராக்சைடு பார்க்கும் முறையும் இருக்கிறது. அது ஆராய்ச்சியோடு சரி. அதை வைத்து மருந்து முடிவு செய்கிறோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

எண்ணை வைத்து ஆஸ்துமா உண்டு, இல்லை என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதுவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. ஒவ்வாமை மூக்கடைப்பு மட்டும் இருந்தாலும் அளவு கூடலாம். ஆஸ்துமா இருந்தும், மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு மருந்தான பஃப்பை ஒழுங்காக எடுப்பதால் 15 வரலாம். அந்த 15ஐப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று பஃப்பை நிறுத்தினால் சில வாரங்களில் அது திரும்ப ஏறும். முந்தைய அளவு 50க்குள் இருந்தால் 10 பிபிபிக்கு மேலான மாற்றத்தைத்தான் பொருட்படுத்துகிறோம். 28, 31 ஆனதற்குக் கவலைப்பட ஒன்றுமில்லை.

பஃப் எடுக்கும் பிள்ளைக்கு எண் உயரமாகவே நின்றால், மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு: தினமும் எடுக்கிறதா, பஃப்போடு மாட்டும் குழலான ஸ்பேசர் வழியாகவா அல்லது நேராக நாக்கில் அடித்துக்கொள்கிறதா, படுக்கும் இலவம்பஞ்சு மெத்தையில் தூசிப்பூச்சி சேர்ந்திருக்கிறதா. அதனால் வரும்போது பழைய ரிப்போர்ட்டுகளோடு பஃப்பையும் ஸ்பேசரையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். கடைசியாகப் பஃப் எடுத்த நேரத்தை ரிப்போர்ட்டின் ஓரத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.