கால் போத்தலும் காப்புறுதிப் படிவமும்

“ஒரு தடவைக்கு எவ்வளவு எடுப்பீங்க?” என்று கிளினிக்கில் மிஸ் கேட்டால், மட்டக்களப்புப் பக்கத்தில் வழக்கமாக வரும் பதில்: “கூட இல்ல மிஸ், ஒரு கால் போத்தல்தான்.”

அதைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கால் போத்தல் சாராயம் 180 மில்லிலீட்டர். அதில் மதுசாரம் 33.5 சதவீதம் என்று வைத்தால், உள்ளே போகும் சுத்த மதுசாரம் 48 கிராமுக்குக் கிட்ட. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 கிராம்தான் ஒரு அளவு. ஆக, கால் போத்தல் என்பது ஏறக்குறைய 5 அளவு. அரைப் போத்தலுக்கு அது 10 ஆகிவிடும். கசிப்பு என்ற கள்ளச் சாராயம் குடிப்பவருக்கு இந்தக் கணக்கே ஓடாது. அதில் எத்தனை சதவீதம் என்று காய்ச்சியவருக்கும் தெரியாது.

இந்த அளவுகளை வைத்துப் புள்ளி போடும் கேள்வித்தாளின் பெயர் ஆடிட். 1989இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. 10 கேள்விகள், அதிகபட்சம் 40 புள்ளி. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்தக் குடி உடம்புக்குக் கேடு செய்யும் பக்கம் போகிறது என்று பொருள். 20ஐத் தொட்டால் அடிமை நிலைதானா என்று டொக்டர் முழுமையாகப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கும் இப்படி ஒன்று உண்டு: பிஎச்கியூ-9. கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், 27 புள்ளி, வெட்டுப்புள்ளி 10. நித்திரை, களைப்பு, சாப்பாடு பற்றியும் அதில் கேட்கப்படும். மனம் சரியில்லை என்று நம் ஊரில் யாரும் வெளிநோயாளர் பிரிவுக்கு வருவதில்லை. உடம்பு அலுப்பு, நித்திரை இல்லை என்றுதான் வருவார்கள். அந்த வழியால் பிடிக்கலாம். கடைசிக் கேள்வி சாக நினைப்பதைப் பற்றியது. அதற்கு ‘ஆம்’ என்றவரை, மொத்தப் புள்ளி குறைவென்று சொல்லி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இவை நோயைத் தீர்மானிப்பதில்லை. 2001இல் வெளியான ஆய்வில் பிஎச்கியூ-9, மனச்சோர்வு உள்ளவர்களில் 88 சதவீதத்தினரைப் பிடித்தது. இல்லாதவர்களில் 88 சதவீதத்தினரைச் சரியாக விட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1000 பேரில் 100 பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது என்று வையுங்கள். 88 பேர் பிடிபடுவார்கள். நோய் இல்லாத 900 பேரிலும் 108 பேர் பிடிபடுவார்கள். மொத்தம் 196 பேர், அதில் பாதிக்கு மேல் தவறான எச்சரிக்கை! அதனால் அடுத்த படியாக ஒரு டொக்டர் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். அந்த நேரத்துக்குக் காசு யார் கொடுப்பது?

காப்புறுதி நிறுவனம் உள்ளே வருவது இங்கேதான். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த நாட்டின் நோய்த் தடுப்பு நிபுணர் குழு ‘ஏ’ அல்லது ‘பி’ தரம் கொடுத்த சோதனைகளுக்குப் பெரும்பாலான காப்புறுதித் திட்டங்கள் நோயாளியிடம் ஒரு சதமும் வாங்காமல் பணம் கட்ட வேண்டும். பெரியவர்களுக்கான மனச்சோர்வு, மது, போதைப்பொருள் கேள்விகளுக்கு ‘பி’ தரம் இருக்கிறது. 2023இல் பதற்றமும் சேர்ந்தது. கேள்வித்தாளை நிரப்பிப் புள்ளி போடுவதற்கென்றே தனிக் கட்டணக் குறியீடுகள் உண்டு. டொக்டர் அந்தக் குறியீட்டை எழுதினால் கட்டணம் வரும். குடியைப் பற்றிப் பேசி அறிவுரை சொன்னால், அதையும் சேர்த்து எழுதலாம். இதற்குக் கருணை மட்டும் காரணமில்லை. மனச்சோர்வை விட்டுவிட்டால் சீனி வருத்தக்காரர் மருந்தை ஒழுங்காக எடுக்க மாட்டார். குடியை விட்டுவிட்டால் பிறகு ஈரலுக்கும் விபத்துக்கும் கட்ட வேண்டிவரும்.

என் அபிப்பிராயத்தில், கேள்வியை விட முக்கியம், பதில் எழுதிய தாள் யார் மேசைக்குப் போகிறது என்பது. பிரஷர் பார்க்கும் பட்டிக்கு ஆள் பொய் சொல்ல முடியாது. இந்தத் தாளுக்குச் சொல்லலாம். தாளைக் கையில் எடுப்பவர் கட்டுப்பணத்தை நிர்ணயிக்கும் ஆளாகவும் இருந்தால், பொய் சொல்லாமல் இருப்பவர்தான் அதிசயம். அமெரிக்காவில் 2014 முதல், ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லிக் கட்டுப்பணத்தைக் கூட்ட முடியாது. ஆனால் புகைத்தலுக்கு மட்டும் 50 சதவீதம் வரை கூட்ட அனுமதி இருக்கிறது. அங்கே படிவத்தில் “புகைப்பதில்லை” என்று எழுதும் ஆட்கள் எல்லாரும் உண்மையாகவே புகைப்பதில்லையா, சொல்லுங்கள்.

சரி, நம் பக்கம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனைக்கோ மனநலக் கிளினிக்குக்குப் போக யாருக்கும் பொலிசி தேவையில்லை, சேவை இலவசம். 35 வயதைக் கடந்தவர்களுக்குப் பிரஷரும் சீனியும் பார்க்கும் அரச கிளினிக்குகளில் புகைத்தலையும் குடியையும் பற்றிக் கேட்கிறார்கள். பிள்ளை பெற்ற தாய்மாரிடம் மிட்வைஃப் மனச்சோர்வு பற்றிய 10 கேள்வித் தாளைக் கொண்டுவருவார். காப்புறுதி என்பது ஆசிரியர் போன்ற அரச ஊழியரின் அக்ரஹார, வங்கிக்காரரின் குழுக் காப்புறுதி, தனியார் பொலிசி என்ற அளவில்தான். அந்தத் தனியார் பொலிசிகளில் பலவற்றின் விலக்குப் பட்டியலில் மனநோயும் மதுவால் வரும் நோயும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கும். இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், உடல் நோய்க்குள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்புறுதி கொடுக்க வேண்டும் என்கிறது. இங்கே அப்படி ஒரு வரி வந்தால் நல்லது.

அதுவரை, அக்கரைப்பற்றிலோ ஏறாவூரிலோ அலுவலகத்தில் மருத்துவப் பரிசோதனை என்று படிவம் நீட்டினால் இரண்டு விஷயம் கேட்டு வையுங்கள்: இந்தத் தாளை யார் பார்ப்பார்கள், புள்ளி கூடினால் சிகிச்சைக்கு யார் கட்டுவார்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால், அதே கேள்விகளுக்கு அரச கிளினிக்கில் பதில் சொல்லலாம், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்துப் பேசலாம்.