பூனைக்குப் பட்டினி வேண்டாம், ஒரு பேணி போதும்

உரப்பையின் வாயைச் சணலால் கட்டி, காற்றுப் போவதற்கு நாலைந்து இடத்தில் ஓட்டை போட்டு, அதற்குள் பூனையோடு மடியில் வைத்தபடியே பரந்தனிலிருந்து பஸ்ஸில் என் மிருக வைத்திய நிலையத்துக்கு வந்திருந்தார் ஒரு அம்மா. வழக்கமாக இப்படிக் கொண்டுவரும் பூனைகள் கட்டை அவிழ்த்ததும் பாய்ந்து அலுமாரிக்கு மேலே ஏறிவிடும், பிறகு அதை இறக்குவதற்கே அரை மணித்தியாலம் போய்விடும். இவன் பாயவில்லை. பையை உரித்து எடுத்த பிறகும் மேசையில் அப்படியே இருந்தான். சாம்பல் நிறக் கடுவன், ஆறு வயது, குட்டியிலேயே கருத்தடை செய்தது. இடுப்புக்கு மேலே முதுகு மயிர் சடைபிடித்து, அடியில் பொடுகு. "சொறி போல கிடக்கு, ஒரு ஊசி போட்டு விடு பிள்ளை" என்றார்.

சொறி இல்லை. அவனால் திரும்பி முதுகை நக்க முடியவில்லை, அவ்வளவுதான். தராசில் 7.1 கிலோ. அவனுடைய உடம்புக்கு 4.5 கிலோ போதும்.

என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டேன். "இவன் ஒண்டும் பெரிசாச் சாப்பிடுறேல்லை பிள்ளை. காலமை கொஞ்சம் பால். நான் தேத்தண்ணி குடிக்கேக்கை ரெண்டு மூண்டு பிஸ்கற். மத்தியானம் மீன் போட்டுப் பிசைஞ்ச சோறு. மற்றபடி அவன்ரை சாப்பாடு கோப்பையிலை எப்பவும் கிடக்கும், நினைச்சா வந்து கொறிப்பான்." ஒரு தாளில் எழுதிக் கூட்டினோம். அரைக் கப் பால் 60 கலோரிக்கு மேல், மாரி பிஸ்கற் ஒன்று 20, 25, சோறும் மீனும் ஒரு 120, கோப்பையில் கொறிப்பது 200க்குக் குறையாது. 400ஐத் தாண்டியது. நிறை குறைய அவனுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 170. மூன்று பிஸ்கற்றோடேயே அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. எங்களுக்கு அது வாய்க்குள் கரைகிற சாமான், நாலரைக் கிலோ உடம்புக்கு அது ஒரு நேரச் சாப்பாடு.

வன்னியில் கொழுத்த பூனைகளை நான் அடிக்கடி பார்க்கத் தொடங்கியது இந்தப் பத்து வருடத்துக்குள்தான். முன்பு பூனை வளர்த்தது எலிக்காக. கொம்பறையில் நெல், சாக்கில் உழுந்து, அதைக் காக்க ஒரு பூனை, அதற்கு மிஞ்சின சோறு கொஞ்சம், மிச்சத்தை அதுவே தேடிக்கொள்ளும். இப்போது கல் வீடு, கேற், மதில். வெளியே விட்டால் ஏ9 வீதியில் வாகனம், தெருநாய், புடையன் பாம்பு, வயல் கரையில் எலிக்கு வைத்த நஞ்சு. ஒரு பூனையை அப்படிப் பறிகொடுத்தவர்கள் அடுத்ததைக் கதவுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். அது சரியான முடிவுதான், நிறை குறையட்டும் என்று அதைத் திரும்ப றோட்டில் விடச் சொல்லவே மாட்டேன். ஆனால் ஓட்டமும் வேட்டையும் நின்ற உடம்புக்கு, அதுவும் கருத்தடை செய்த உடம்புக்கு, தேவை காற்பங்கு அளவிலாவது குறைந்துவிடுகிறது, பசி மட்டும் குறைவதில்லை, கூடுகிறது. கருத்தடை கட்டாயம் செய்யுங்கள். செய்த கிழமையிலிருந்தே அளக்கத் தொடங்குங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 2009இல், போரின் கடைசி மாதங்களில், கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் எங்கள் ஆட்கள். வெறும் கோப்பையை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அது பிள்ளையின் கோப்பையாக இருந்தாலும் பூனையின் கோப்பையாக இருந்தாலும். இந்த அம்மாவின் பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில். வீட்டில் அவர் கையால் வாங்கிச் சாப்பிட இருப்பது இவன் ஒருவன்தான். "சாப்பாட்டைக் குறையுங்கோ" என்று சொல்கிறபோது அவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசிக்க வேண்டியது என் வேலை.

எவ்வளவு என்ற அளவைச் சொல்லாமல் அந்தச் சொல்லை மட்டும் சொல்வதை நான் நிறுத்தி வெகு நாளாகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் படித்து முடித்து வந்த புதிதில், கொழுத்த பெட்டைப் பூனை ஒன்றைக் கொண்டுவந்த குடும்பத்துக்கு, "சாப்பாட்டை நல்லாக் குறையுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். எவ்வளவு என்று சொல்லவில்லை. அவர்கள் நான் சொன்னதை நம்பி, மீனை நிறுத்தி, அது தொடாத ஏதோ ஒரு புதுச் சாப்பாட்டை வைத்து, பசித்தால் தின்னும்தானே என்று விட்டுவிட்டார்கள். ஐந்தாம் நாள் திரும்பக் கொண்டுவந்தபோது முரசும் காதின் உட்புறமும் மஞ்சள். ஈரலில் கொழுப்பு ஏறிவிட்டது. குழாய் போட்டு ஊட்டினோம், ஒன்பது நாள் இழுத்தது, போய்விட்டது.

இதை எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் மெலியும், எழும்பிவிடும். கொழுத்த பூனை அப்படியில்லை. சாப்பாடு நின்றதும் உடம்பில் சேர்ந்திருக்கிற கொழுப்பு ஈரலை நோக்கி வருகிறது, பூனையின் ஈரலால் அந்த வேகத்தில் அதைக் கையாள முடியாது. எந்தக் காரணத்தாலும் ஒரு கொழுத்த பூனை ஒரு நாள் முழுக்க ஒன்றும் வாயில் வைக்காவிட்டால் மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள், இரண்டாம் நாளைத் தாண்ட விடவே வேண்டாம். சாப்பாட்டு வகையை மாற்றுவதென்றால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு கிழமை பத்து நாள் எடுத்து மாற்றுங்கள்.

சரி, உங்கள் பூனை கொழுப்பா இல்லையா என்று எப்படித் தெரியும்? கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். உங்கள் கையை விரித்து மேசையில் கவிழ்த்து வைத்து, மறு கை விரலால் புறங்கையைத் தடவிப் பாருங்கள், மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தட்டுப்படும். பூனையின் விலாவைத் தடவினால் அப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளங்கையில் பெருவிரலுக்குக் கீழே இருக்கிற சதை போல மெத்தென்று இருந்து, அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறதென்றால் நிறை கூட. மேலேயிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு கொஞ்சம் உள்ளே போக வேண்டும். பின்னங்காலுக்கு முன்னால் வயிற்றில் தொங்குகிற தோலை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், மெலிந்த பூனைகளுக்கும் அது இருக்கும்.

நிறுப்பதற்குப் பெரிய வசதி தேவையில்லை. நீங்கள் ஏறி நிற்கிற தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருக்கால், இல்லாமல் ஒருக்கால், கழித்துப் பாருங்கள். ஆனால் கிழமைக்குக் குறைய வேண்டியது 50, 70 கிராம்தான், அதை அந்தத் தராசு காட்டாது. மீன்காரர் வைத்திருக்கிற கொக்கித் தராசு போல ஒன்றில் பையோடு தூக்கிப் பிடித்தால் இன்னும் சரியாக வரும். இரண்டு கிழமைக்கு ஒருக்கால், அதே தராசு, அதே நேரம், கலண்டரில் எழுதி வையுங்கள். ஒரு கிழமையில் உடம்பு நிறையில் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் நல்லது, இரண்டுக்கு மேல் குறைந்தால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். 7 கிலோப் பூனைக்கு ஒன்று என்றால் 70 கிராம். ஆகவே இது எட்டு ஒன்பது மாத வேலை, சில வேளை ஒரு வருடம்.

அளவுக் கணக்கை மிருக வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள், சும்மா ஊகிக்க வேண்டாம். நான் அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது: பக்கற்றில் வருகிற உலர்ந்த பூனைச் சாப்பாடு 42 கிராம், உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த மீன் 20 கிராம், அதாவது நடுவிரல் அளவு ஒரு துண்டு. பக்கற்றில் 100 கிராமுக்கு 360 கலோரி என்று இருந்ததை வைத்துப் போட்ட கணக்கு இது, உங்கள் பக்கற் வேறாக இருக்கும். பக்கற்றில் கலோரி போடாவிட்டால், இப்போது கொடுப்பதை ஒரு கிழமை நிறுத்து எழுதுங்கள், அதில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள், இரண்டு கிழமை பார்த்து, அசையாவிட்டால் இன்னும் கொஞ்சம். நிறை குறைப்பதற்கென்றே செய்த விசேட சாப்பாடு இருக்கிறது, புரதம் கூட, கலோரி குறைவு. எங்கள் பக்கம் கிடைப்பது கஷ்டம், விலையும் பலருக்குக் கட்டாது, கிடைத்தால் அதுதான் மேல், ஏனென்றால் சாதாரண சாப்பாட்டை அளவுக்கு மீறிக் குறைத்தால் கொழுப்போடு சேர்த்து சத்தும் குறைந்துவிடும்.

"அப்ப சோறும் மீனும் மட்டும் குடுத்தா என்ன?" என்று கேட்பவர்கள் நிறைய. சோறு பூனைக்கு வயிறு நிரப்பும், தசையைக் காக்காது. பூனை முழு இறைச்சி தின்னி, டோரின் என்கிற ஒரு சத்து சாப்பாட்டில் போதாவிட்டால் கண்ணும் இதயமும் பழுதாகும். நாய்ச் சாப்பாட்டை அள்ளி வைப்பதும் அதே காரணத்தால் கூடாது. கறியில் இருக்கிற வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும், ஆகவே குழம்புச் சோற்றை முதலில் நிறுத்துங்கள். வளர்ந்த பூனைக்குப் பால் தேவையே இல்லை, பலதுக்குச் செமிக்காது.

பேணிக்கு வருவோம். வெறும் பால்மாப் பேணி ஒன்று. காலையில் அன்றைய அளவை நிறுத்து அதற்குள் போட்டு மூடி வைக்க வேண்டும். பூனைக்குப் போகிற ஒவ்வொரு துண்டும் அந்தப் பேணியிலிருந்துதான் போக வேண்டும், யார் கொடுத்தாலும். மீன் துண்டு மட்டும் தனியே, மத்தியானத்துக்கு. "எத்தினை தரம் வேணுமெண்டாலும் குடுங்கோ அம்மா, பத்துத் தரம் குடுங்கோ, பேணி முடிஞ்சா அண்டைக்கு முடிஞ்சுது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப தேத்தண்ணி குடிக்கேக்கையும் குடுக்கலாமோ?" என்று கேட்டார். கொடுக்கலாம், பிஸ்கற் இல்லை, பேணியிலிருந்து மூன்று உருண்டை. அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் இது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. பூனை இயல்பாகவே நாளுக்குப் பத்துப் பதினைந்து தரம் சிறிது சிறிதாய் வேட்டையாடித் தின்கிற பிராணி, ஆகவே பல தரம் கொடுப்பதில் பிழையில்லை. பேணியைப் பார்க்காமல் கொடுப்பதில்தான் பிழை. லீவுக்கு வருகிற பேரப்பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதை முதலே சொல்லிவிடுங்கள்.

அதில் பாதியையாவது அவன் உழைத்துத் தின்னட்டும். சின்ன பிளாஸ்ரிக் போத்தலில் உருண்டை விழுகிற அளவுக்கு இரண்டு ஓட்டை போட்டு உருட்டி விடலாம், ஓரத்தை மழுப்பிவிடுங்கள். முட்டை அட்டையின் குழிகளில் ஒவ்வொன்றாக வைக்கலாம். விளையாட்டுக்கு ஈர்க்கு நுனியில் கோழி இறகு ஒன்றைக் கட்டினால் போதும், கடையில் வாங்க வேண்டியதில்லை. விடிய ஐந்து நிமிடம், பொழுதுபட்ட பிறகு ஐந்து நிமிடம். வன்னி வெயிலில் மத்தியானம் கொழுத்த பூனையை ஓட வைக்காதீர்கள், வாயைத் திறந்து இரைத்தால் உடனே நிறுத்துங்கள். நூலைப் பூனையோடு தனியே விட்டுவிட்டுப் போகவும் கூடாது, விழுங்கினால் குடல் சிக்கிவிடும்.

முதல் மூன்று கிழமையும் விடியப்புறம் நாலு மணிக்கு வந்து கத்துவான். எழும்பிப் போட்டீர்களென்றால் நாளைக்கு மூன்றரைக்கு வருவான். இரவு படுக்க முன் பேணியில் கடைசிப் பங்கைக் கொடுங்கள், பலருக்கு அதோடு சரிவந்தது. இரண்டு பூனை இருக்கிற வீடென்றால் வேறு வேறு அறையில் கதவைச் சாத்திக் கொடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்டால், கொழுத்த பூனைக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) வரும் வாய்ப்பு பல மடங்கு. தண்ணீரை மாறி மாறிக் குடித்து, சலம் (சிறுநீர்) கூடப் போய், பின்னங்கால் தளர்ந்து நடந்தால் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். மூட்டு நோகும், ஆனால் பூனை நொண்டிக் காட்டாது, ஏறுவதை மட்டும் நிறுத்திவிடும். கடுவன்களுக்குச் சலம் அடைப்பதும் கொழுப்போடு கூடுகிறது. மணல் தட்டில் இருந்து முக்குகிறான், ஒன்றும் வரவில்லையென்றால் மலச்சிக்கல் என்று எண்ணெய் பருக்கிக்கொண்டு இருக்காதீர்கள், அன்றைக்கே கொண்டு ஓடுங்கள், இரண்டு நாளில் உயிர் போய்விடும். நோவுக்கு என்று வீட்டில் இருக்கிற பரசிற்றமோல் குளிசையைப் பாதி உடைத்துக் கொடுத்துவிடவும் வேண்டாம், பூனைக்கு அது நஞ்சு.

அந்த அம்மா இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வந்தார். முதல் மாதம் 200 கிராம் குறைந்தது, இரண்டாம் மாதம் ஒன்றுமே குறையவில்லை. கேட்டால், மகள் கனடாவிலிருந்து வந்து நின்ற மூன்று கிழமையும் பேணி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். பரவாயில்லை, திரும்பத் தொடங்கினோம். ஏழாம் மாதம் 5.5 கிலோ. முதுகு மயிர் வழவழப்பாகி, சடை இருந்த இடமே தெரியவில்லை. இந்த முறை அவனைக் கொண்டுவந்தது மூடி போட்ட கூடையில், ஏனென்றால் உரப்பையை இரண்டு இடத்தில் கிழித்துவிட்டானாம். இன்னும் ஒரு கிலோ இருக்கிறது. அளவை 40 கிராமாக மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடையை மூடப் போனால், அவன் அதற்குள் அலுமாரிக்கு மேலே இருந்தான்.